கார் காட்டும் வெளி வெப்பநிலை: ஒரு தப்பான எண்ணின் வரலாறு

கார் டேஷ்போர்டில், மணி காட்டும் இடத்துக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு எண் இருக்கும். வெளியே எத்தனை டிகிரி என்று சொல்லும் எண். பெரும்பாலானவர்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை. கொளுத்தும் வெயிலில் ஒரு நாள் அது மைனஸ் 40 என்று காட்டும்போதுதான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்!

"சென்சார் போயிடுச்சு சார், புதுசு மாத்திடலாம்" என்பதுதான் உடனே வரும் பதில். சில சமயம் அது சரியாக இருக்கும். பல சமயம் புது சென்சார் போட்ட பிறகும் அதே எண்தான் நிற்கும். ஏன்?

அந்த எண் ஒரே ஒரு பொருளிலிருந்து வருவதில்லை. சென்சார் உட்கார்ந்திருக்கும் இடம், அதற்குள் இருக்கும் சின்ன மின்தடை, அதிலிருந்து போகும் இரண்டு ஒயர், கடைசியில் கம்ப்யூட்டர் போடும் கணக்கு என்று நான்கும் சேர்ந்துதான் அந்த எண்ணைச் செய்கின்றன. நான்கில் எது கெட்டாலும் எண் கெடும். இதில் வேடிக்கை என்னவென்றால், கார் பிறப்பதற்கு ரொம்ப நாள் முன்பிருந்தே வெப்பநிலையை அளந்தவர்கள் இதே மாதிரி இடங்களில் ஏமாந்திருக்கிறார்கள். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டால் காரில் கோளாறு தேடுவதும் சுலபமாகிவிடும்.

சைபீரியாவில் ஏமாந்த பாதரசம்

ஃபாரன்ஹீட் 1714-ல் பாதரச தெர்மாமீட்டரைச் செய்தார். 1724-ல் தன் அளவுகோலை வெளியிட்டார். அதன்பின் உலகம் முழுக்க வெப்பநிலை எடுக்கும் ஆர்வம் பரவியது. 1734-35 குளிர்காலத்தில் யோஹான் கியோர்க் க்மெலின் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, ரஷ்ய ஆய்வுப் பயணம் ஒன்றில் சைபீரியாவின் யெனிசெய்ஸ்க் ஊரில் இருந்தார். அங்கே அவருடைய தெர்மாமீட்டர் மைனஸ் 120 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இறங்கியது. செல்சியஸில் சொன்னால் மைனஸ் 84!

க்மெலின் அதை நம்பி எழுதி வைத்தார். பாவம், நம்பாமல் இருக்க அவருக்குக் காரணமும் இல்லை. பாதரசம் உறையும் என்றே அன்று யாருக்கும் தெரியாது. 1759 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் யோசப் பிரவுன் என்பவர் பனியையும் அமிலத்தையும் கலந்து பாதரசத்தை உறைய வைத்துக் காட்டினார். உறையும்போது பாதரசம் ரொம்பவே சுருங்கும். அதனால் தெர்மாமீட்டர் குழாயில் அது உண்மையான குளிரைத் தாண்டி எங்கோ கீழே போய்விடும். க்மெலின் படித்தது குளிரின் அளவை இல்லை, உலோகம் சுருங்கிய அளவை!

சரியான உறைநிலையைக் கண்டுபிடித்த விதம் இன்னும் அழகு. இங்கிலாந்தில் இருந்த ஹென்றி காவெண்டிஷ் ஒரு சோதனையைத் திட்டமிட்டார். வட அமெரிக்காவில் ஹட்சன் வளைகுடாவின் ஆல்பனி கோட்டையில் இருந்த தாமஸ் ஹட்சின்ஸ் 1781-82 குளிர்காலத்தில் அதைச் செய்தார். ஒரு பாத்திரத்தில் பாதரசம், அதற்குள் ஒரு தெர்மாமீட்டர். பாத்திரத்துப் பாதரசம் உறையத் தொடங்கியதும் தெர்மாமீட்டரின் எண் இறங்காமல் ஒரே இடத்தில் நின்றது. அதுதான் உறைநிலை. இன்றைய கணக்கில் மைனஸ் 38.83 செல்சியஸ்.

இந்தச் சோதனையில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. ஒரு கருவியைச் சந்தேகப்பட்டால், உண்மை நமக்கு முன்பே தெரிந்த ஒரு இடத்தில் அதை வைத்துப் பார்க்க வேண்டும். இன்று மெக்கானிக் கார் சென்சாரை ஐஸ் தண்ணீர் டம்ளரில் முக்குகிறாரே, அவர் செய்வதும் இதே வேலைதான்.

மின்சாரத்தால் வெப்பம் அளந்தவர்கள்

கண்ணாடிக் குழாயை காரின் முன்னால் கட்டிவிட்டு உள்ளே இருந்து படிக்க முடியாது. அதற்கு மின்சாரம் வேண்டும். உலோகம் சூடானால் அதில் மின்சாரம் போவது கடினமாகிறது என்று 1821-ல் ஹம்ப்ரி டேவி கண்டார். அவரிடம் உதவியாளராக இருந்து பெரிய ஆளான மைக்கேல் ஃபாரடே 1833-ல் இதற்கு நேர்மாறான ஒன்றைப் பார்த்தார். சில்வர் சல்ஃபைடு என்ற பொருளைச் சூடாக்கினால் மின்சாரம் சுலபமாகப் போனது! ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை. குறைகடத்தி என்ற கருத்தே அன்று கிடையாது.

உலோக வழியில் போனவர் வில்லியம் சீமென்ஸ். 1871-ல் பிளாட்டினம் கம்பியால் வெப்பம் அளக்கும் முறையை லண்டன் ராயல் சொசைட்டியில் விளக்கினார். ஃபாரடே பார்த்த வழி மட்டும் கிட்டத்தட்ட நூறு வருடம் தூங்கியது. 1930-ல்தான் அமெரிக்காவின் சாமுவேல் ரூபன் விற்பனைக்கு ஏற்ற ஒரு பொருளாக அதை மாற்றினார். (பின்னாளில் ட்யூராசெல் ஆன பேட்டரி வியாபாரத்துக்கு அடிப்படை போட்டவரும் இவரே.) பிறகு பெல் ஆய்வுக்கூடம் மாங்கனீஸ், நிக்கல், கோபால்ட் ஆக்சைடுகளை மண்பாண்டம் சுடுவது போலச் சுட்டு நம்பகமான துண்டுகளைச் செய்தது. ஆரம்பத்தில் இவற்றின் வேலை டெலிபோன் லைனில். வெயிலில் லைன் சூடாகிப் பேச்சின் சத்தம் மாறாமல் பார்த்துக்கொள்வது! இதற்கு வந்த பெயர்தான் தெர்மிஸ்டர்.

தெர்மிஸ்டரில் ஒரு நல்ல குணம், ஒரு கெட்ட குணம். நல்லது, சின்ன வெப்ப மாற்றத்துக்கே மின்தடை நிறைய மாறும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 25 டிகிரியில் 10,000 ஓம் இருக்கும். 0 டிகிரியில் அது சுமார் 32,000 ஓம் ஆகிவிடும். கெட்டது, இந்த மாற்றம் நேர்கோட்டில் போகாது, வளைந்து போகும். அந்த வளைவைக் கணக்காக்க 1968-ல் ஸ்டைன்ஹார்ட், ஹார்ட் என்ற இருவர் ஒரு சமன்பாடு தந்தார்கள். கடல் ஆராய்ச்சி இதழில் வந்த அந்தச் சமன்பாடு இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

காருக்குள் வந்த கதை

காரில் முதலில் முக்கியமாக இருந்தது இன்ஜின் சூடு. 1912-ல் வந்த பாய்ஸ் மோட்டோமீட்டர், ரேடியேட்டர் மூடியின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு தெர்மாமீட்டர். டிரைவர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொள்வார். வெளிக்காற்று எத்தனை டிகிரி என்று அப்போது யாரும் காரிடம் கேட்கவில்லை.

கேட்க வைத்தது ஏசி. 1964 மாடல் காடிலாக் கார்களில் கம்ஃபர்ட் கன்ட்ரோல் என்ற வசதி வந்தது. வேண்டிய வெப்பநிலையை வைத்துவிட்டால் ஹீட்டரையும் ஏசியையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இந்த மாதிரி தானாக இயங்கும் ஏசிக்கு, உள்ளே எவ்வளவு என்பதோடு வெளியே எவ்வளவு என்பதும் தெரிந்தாக வேண்டும். அப்புறம் டிஜிட்டல் டேஷ்போர்டுகள் வந்ததும், எப்படியும் அளக்கிறோமே, டிரைவருக்கும் காட்டிவிடலாம் என்று ஆனது.

குளிர் நாடுகளில் அந்த எண்ணுக்கு இன்னொரு வேலையும் கிடைத்தது. சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் படியும் ஆபத்தை எச்சரிப்பது. பல கார்கள் 3 அல்லது 4 டிகிரிக்கு வந்ததுமே மணி அடிக்கும். 0 வரை காத்திருப்பதில்லை. மேகமில்லாத இரவில் சாலை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, மேலே இருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். பாலங்கள் இன்னும் சீக்கிரம் குளிரும். காற்று 2 டிகிரியில் இருக்கும்போதே கீழே பனிக்கட்டி இருக்கலாம். ஆக, இந்தச் சின்ன எண் தப்பானால் உயிருக்கே ஆபத்து வரலாம்.

மைனஸ் 40 எங்கிருந்து வருகிறது?

கம்ப்யூட்டர் பொதுவாக 5 வோல்ட்டை ஒரு நிலையான மின்தடை வழியாக சென்சாருக்கு அனுப்பி, நடுவில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று பார்க்கும். குளிர்ந்தால் சென்சாரின் மின்தடை கூடும், வோல்ட் ஏறும். சூடானால் வோல்ட் இறங்கும்.

இப்போது ஒயர் அறுந்தால்? மின்தடை எல்லையில்லாமல் போய்விடும். கம்ப்யூட்டருக்கு முழு 5 வோல்ட் தெரியும். "அடேயப்பா, என்ன குளிர்!" என்று தன்னிடம் இருக்கும் கடைசி எண்ணுக்குப் போய்விடும். பல கார்களில் அந்தக் கடைசி எண் மைனஸ் 40. சில கார்கள் எண்ணுக்குப் பதில் வெறும் கோடு போட்டுவிடும்.

ஏன் 40? 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 என்ற கோளாறு சொல்லும் முறை கட்டாயமானது. அதில் வெளி வெப்பநிலைக்கு ஒரே ஒரு பைட்தான் இடம். 0 முதல் 255 வரைதான் எழுத முடியும். மைனஸும் வேண்டுமே! அதனால் எழுதிய எண்ணிலிருந்து 40-ஐக் கழித்துக்கொள்வது என்று வைத்தார்கள். 65 என்று வந்தால் 25 டிகிரி. 0 என்று வந்தால் மைனஸ் 40. அதாவது ஸ்கேனரில் தெரியும் மைனஸ் 40 என்பது காலிப் பெட்டி. செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒன்றாகச் சந்திக்கும் எண்ணும் இதுவே என்பதால், எந்த நாட்டு காராக இருந்தாலும் காலிப் பெட்டி ஒரே மாதிரி தெரியும்!

இதற்கு எதிர்ப்பக்கம், இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆனால் வோல்ட் 0 ஆகும். கார் பயங்கரச் சூடு என்று நினைத்துக்கொள்ளும்.

ஸ்கேனரில் வரும் கோடுகளில் இங்கே ஒரு குழப்பம் உண்டு. பி0072 என்றால் "குறைவு", பி0073 என்றால் "அதிகம்". பலர் இதை வெப்பநிலை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது வோல்ட்டைச் சொல்கிறது. குறைவு என்றால் ஷார்ட், எண் சூட்டைக் காட்டும். அதிகம் என்றால் அறுந்த ஒயர், எண் குளிரைக் காட்டும். தலைகீழாகப் புரிந்துகொண்டால் நாள் முழுக்கத் தப்பான இடத்தில் தேட வேண்டியதுதான்.

முழுதாக அறுகாமல் பாதி கெட்டாலும் இதே திசைதான். கனெக்டரில் பச்சையாகத் துரு பிடித்தால் மின்தடை கூடுதலாகச் சேரும், எண் உண்மையைவிடக் குறையும். மேலே சொன்ன வகை சென்சாரில் 25 டிகிரியில் 2,000 ஓம் துரு சேர்ந்தால் கார் 21 என்று காட்டும். ஒயரின் தோல் உரிந்து தண்ணீர் புகுந்தால் மின்சாரத்துக்குக் குறுக்கு வழி கிடைக்கும், எண் உண்மையைவிடக் கூடும். பனி நாடுகளில் இந்த இரண்டாவது வகைதான் ஆபத்து. அடிக்க வேண்டிய மணி அடிக்காமல் போய்விடும்.

வெப்ப நாடுகளில் முதல் வகை தொல்லை. வெளியே கடும் குளிர் என்று கார் நினைத்தால், தானாக இயங்கும் ஏசி உள்ள பல கார்களில் கம்ப்ரசர் ஓடவே ஓடாது. கேஸ் நிரப்பி, கம்ப்ரசரைக் கழற்றி, பணமெல்லாம் செலவழித்த பிறகு பார்த்தால் குற்றவாளி இரண்டு ஒயர் கொண்ட ஒரு சின்னத் துண்டாக இருக்கும்!

இடம் தப்பானால் எல்லாம் தப்பு

எல்லாப் பொருளும் நன்றாக இருந்தும் எண் தப்பாக வரலாம். இதை முதலில் சந்தித்தவர்கள் வானிலைக்காரர்கள். தெர்மாமீட்டரை வெயிலில் வைத்தால் அது காற்றை விட்டுவிட்டு வெயிலை அளக்கும். சுவரில் மாட்டினால் சுவரை அளக்கும். 1860களில் ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் இதற்கு ஒரு வழி சொன்னார். வெள்ளை அடித்த மரப்பெட்டி, சுற்றிலும் காற்று போக இரட்டைச் சாய்வுப் பலகைகள். உலகமெங்கும் வானிலை நிலையங்களில் இந்தப் பெட்டி இன்றும் நிற்கிறது. ('ட்ரெஷர் ஐலண்ட்' எழுதிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் இவருடைய மகன்தான்!)

கார் சென்சாருக்கு அப்படிப் பெட்டி கிடையாது. பெரும்பாலும் முன் பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும். சில கார்களில் பக்கக் கண்ணாடியின் அடியில். வண்டி ஓடினால் புதுக்காற்று அடிக்கும், எண் சரியாக இருக்கும். சிக்னலில் நின்றால் ரேடியேட்டர் சூடும் ரோட்டுச் சூடும் சேர்ந்து எண்ணை ஏற்றிவிடும்.

இதற்கு இன்ஜினியர்கள் கணக்கில் ஒரு வழி செய்தார்கள். பல கார்களில் எண் கீழே இறங்குவது உடனே நடக்கும். மேலே ஏறுவதற்கு மட்டும் வண்டி கொஞ்ச நேரம் வேகமாக ஓட வேண்டும். காரை நிறுத்திவிட்டு உடனே மறுபடி எடுத்தால், இன்ஜின் இன்னும் சூடாக இருப்பதைப் பார்த்து, பழைய எண்ணையே காட்டும். தப்புதான் நடக்கப் போகிறது என்றால் அது குளிர்ப் பக்கமாகவே நடக்கட்டும் என்ற முடிவு இது. பனி எச்சரிக்கைக்கு அதுதானே பாதுகாப்பு!

ஆனால் கோளாறு தேடுபவருக்கு இதுவே பொறி. புது சென்சார் மாட்டியதும் டேஷ்போர்டில் பழைய தப்பான எண்ணே நிற்கும். "புது சாமானும் டூப்ளிகேட்" என்று கழற்றிவிடுவார்கள். உண்மையில் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் போதும். அதே போல பம்பர் வேலை பார்த்த பிறகு எண் எப்போதும் கூடுதலாகக் காட்டினால், சென்சார் தன் கிளிப்பில் மாட்டப்படாமல் உள்பக்கமாகத் தொங்குகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

லிபியாவின் 58 டிகிரி

கடைசியாக, படிப்பதில் வரும் தப்பு. 1922 செப்டம்பர் 13 அன்று லிபியாவின் எல் அஜிஜியாவில் 58 டிகிரி செல்சியஸ் பதிவானது. 90 வருடம் அதுதான் உலக சாதனை. 2012-ல் உலக வானிலை அமைப்பு அதை ரத்து செய்தது! லிபியாவைச் சேர்ந்த வானிலையாளர் காலித் எல் ஃபத்லி உட்பட ஒரு குழு பழைய பதிவேட்டைத் தோண்டி எடுத்துப் பார்த்தது. செப்டம்பர் 11-லிருந்து கையெழுத்து மாறியிருந்தது. புது ஆள் எண்களைத் தப்பான கட்டங்களில் எழுதியிருந்தார். அவர் பயன்படுத்திய தெர்மாமீட்டரில் ஒரு சிறு ஊசியின் கீழ் முனையைப் பார்க்க வேண்டும். மேல் முனையைப் பார்த்தால் சுமார் 7 டிகிரி கூடிவிடும். அதுதான் நடந்திருக்க வேண்டும் என்று குழு முடிவு செய்தது. பக்கத்து ஊர்களின் எண்களோடும் அந்த 58 ஒத்துப்போகவில்லை.

காரில் பக்கத்து ஊருக்கு ஈடு என்ன தெரியுமா? காருக்குள்ளேயே இருக்கும் மற்ற சென்சார்கள்தான். இரவு முழுக்க நின்ற காரில் காலையில் வெளிக்காற்று, இன்ஜினுக்குள் போகும் காற்று, இன்ஜின் தண்ணீர் மூன்றும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். ஸ்கேனரில் மூன்றையும் பார்த்தால் தனித்து நிற்பவர் யார் என்று தெரிந்துவிடும்.

ஆக, தேட வேண்டிய வரிசை இது:

1. காலையில் குளிர்ந்த இன்ஜினோடு மற்ற சென்சார்களோடு ஒப்பிடுவது.
2. சென்சார் தன் இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது.
3. கனெக்டரைக் கழற்றி, ஸ்கேனரில் எண் கடைசிக் குளிருக்குப் போகிறதா என்று பார்ப்பது. பிறகு ஒயர் பக்கத்து இரண்டு முனைகளை இணைத்து, கடைசிச் சூட்டுக்குப் போகிறதா என்று பார்ப்பது (அந்த காரின் சர்வீஸ் புத்தகம் இதை அனுமதித்தால்). இரண்டும் நடந்தால் ஒயரும் கம்ப்யூட்டரும் பெரும்பாலும் நலம்.
4. சென்சாரை ஐஸ் தண்ணீரில் வைத்து, மல்டிமீட்டரில் ஓம் பார்த்து, அந்த காருக்கான அட்டவணையோடு ஒப்பிடுவது.
5. இதற்கெல்லாம் பிறகுதான் புது சென்சார் வாங்குவது!

எண் சரி, பயன்படுத்தியது?

இத்தனை நேரம் பார்த்தது எண் தப்பாகும் கதை. எண் சரியாக இருந்தும் பிரச்சினை ஆன கதை ஒன்று உண்டு. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களின் மோசடி மென்பொருளை வெளிப்படுத்தியது. அதன் பிறகு ஐரோப்பாவில் வேறொரு ஏற்பாடும் கோர்ட்டுக்கு வந்தது. வெளி வெப்பநிலை 15 முதல் 33 டிகிரிக்குள் இருந்தால் மட்டும் புகை சுத்திகரிப்பு முழுதாக வேலை செய்யும். அதற்கு வெளியே போனால் குறைந்துகொண்டே போகும். 'வெப்ப ஜன்னல்' என்று அதற்குப் பெயர்.

இன்ஜினைக் காப்பாற்றத்தான் என்றது கம்பெனி. ஆனால் ஆஸ்திரியா, ஜெர்மனி போன்ற நாடுகளில் வருட சராசரியே 15-க்கு ரொம்பக் கீழே. 2022 ஜூலை 14 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் இது தடை செய்யப்பட்ட ஏற்பாடு என்றது. வழக்கமான ஓட்டத்தில் வருடத்தின் பெரும்பகுதியில் சுத்திகரிப்பு குறைந்திருக்கும் என்றால், இன்ஜின் பாதுகாப்பு என்ற காரணம் செல்லாது என்றும் சொன்னது. தொழிற்சாலை மிச்சம் பிடித்த செலவு, ஊர்க்காரர்களின் மூச்சில் போய் ஏறியது என்பதுதான் இதன் அர்த்தம்.

சில நூறு ரூபாய்ச் சாமான்தானே என்று யாரும் கண்டுகொள்ளாத சென்சார் அது. அதன் எண்ணை நம்பி பனிச் சாலையில் ஒருவர் வேகத்தைக் குறைக்கிறார், ஏசி ஓடலாமா என்று கார் முடிவு செய்கிறது, எவ்வளவு புகை விடலாம் என்றும் கார் முடிவு செய்கிறது. அடுத்த முறை காரில் ஏறும்போது அந்த எண்ணையும் ஒரு பார்வை பாருங்கள். சந்தேகம் வந்தால் ஐஸ் தண்ணீர் டம்ளர் இருக்கவே இருக்கிறது!